தண்ணீருக்கும் ஒரு கணக்கு நோட்டு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



விழாவில் பேச வேண்டும் என்று சொன்னபோது, "சேமிப்பைப் பற்றிப் பேசு, இல்லாவிட்டால் கடன் வசூல் பற்றிப் பேசு" என்றார்கள். நான் தண்ணியைப் பற்றிப் பேசுறேன் என்றேன். "அது ஆம்பளைங்க டீக்கடையில பேசுற விஷயம்மா. கர்நாடகா, கோர்ட்டு, டெல்லின்னு போகும். நமக்கு எதுக்கு?" என்று ஒரு அக்கா கேட்டார். கேட்டவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் கடைமடைக்காரி. தலைஞாயிறு பக்கம். வெண்ணாற்றுத் தண்ணி எத்தனையோ ஊர் தாண்டி, எத்தனையோ மதகு தாண்டி, கடைசியில் எங்களிடம் வரும். எங்களுக்கு அப்புறம் ஒரே ஒரு ஊர், அதற்கு அப்புறம் உப்புத்தண்ணி. எனக்குச் சொந்த நிலம் கிடையாது. இரண்டு ஏக்கர் குத்தகை. 2023-ல் குறுவைக்காகக் குழுவில் முப்பதாயிரம் கடன் வாங்கினேன். அந்த அக்டோபரிலும் நவம்பரிலும் நம் கூட்டமைப்பின் வசூல் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். அதுவரை ஒரு தவணை கூடத் தவறாத குழுக்கள் எல்லாம் நிலுவையில் நிற்கும். எந்தெந்த ஊர் என்று பார்த்தால், வாய்க்காலின் கடைசியில் இருக்கிற ஊர்கள். அந்தப் பதிவேட்டில் "தண்ணீர் வரவில்லை" என்று எழுத ஒரு கட்டம் இல்லை. "நிலுவை" என்று எழுதத்தான் கட்டம் இருக்கிறது. அதனால்தான் இன்று தண்ணியைப் பேசுகிறேன்.

முதலில் பெரிய கணக்கைச் சொல்கிறேன். பயப்படாதீங்க, நம் குழுக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

காவிரி குடகு மலையில் தலைக்காவேரியில் பிறக்கிறது. கர்நாடகத்தில் கிருஷ்ணராஜசாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி என்று அணைகள் இருக்கின்றன. தண்ணி அங்கிருந்து எல்லைக்கு வரும் இடம் பிலிகுண்டுலு. அங்கே மத்திய நீர் ஆணையம் ஓர் அளவு நிலையம் வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு மேட்டூர். 1934-ல் கட்டி முடித்த அணை. முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. மேட்டூரில் திறந்த தண்ணி முக்கொம்பு தாண்டிக் கல்லணைக்கு வந்து, அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும்.

டி.எம்.சி. என்றால் என்ன? ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடித் தண்ணி. நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க, அதாவது 24 மணி நேரம் ஓடினால் ஒரு டி.எம்.சி. சேரும். இதை மனசில் வைத்துக்கொண்டால், டி.வி.யில் "ஐயாயிரம் கன அடி திறப்பு" என்று சொல்லும்போது நாமே கணக்குப் போடலாம். ஐயாயிரம் கன அடி ஒரு நாளைக்கு ஓடினால் அரை டி.எம்.சி. கூட ஆகாது. பதினைந்து நாள் ஓடினால் ஆறரை டி.எம்.சி. கிட்டே வரும்.

இந்தத் தண்ணியைப் பங்கு போட அரசாங்கங்கள் நூறு வருஷத்துக்கு மேலாகப் பேசுகின்றன. வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் 1892-ல் ஓர் ஒப்பந்தம், 1924-ல் ஓர் ஒப்பந்தம் போட்டன. 1924 ஒப்பந்தத்தில் ஐம்பது வருஷம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று இருந்தது. அந்த ஐம்பது வருஷம் 1974-ல் முடிந்தது. அதிலிருந்து சண்டை. 1990-ல் நடுவர் மன்றம் வந்தது. 1991-ல் அது இடைக்கால உத்தரவு போட்டது. அதன் பிறகு அங்கே நடந்த கலவரத்தில் வீட்டையும் கடையையும் விட்டு ஓடிவந்த குடும்பங்களை நம்மில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2007-ல் இறுதித் தீர்ப்பு. அதில் பிலிகுண்டுலுவில் வருஷத்துக்கு 192 டி.எம்.சி. வர வேண்டும் என்றார்கள். 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆகக் குறைத்தது. பெங்களூரின் குடிநீருக்காக 4.75 குறைத்தார்கள். டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்று சொல்லி 10 டி.எம்.சி. குறைத்தார்கள். எங்கள் பக்கம் போர் போட்டால் உப்புத்தான் வரும். அதை அன்றைக்குப் போய்ச் சொல்ல எங்களுக்கு வழி தெரியவில்லை.

அந்த 177.25-ஐ மாதவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். ஜூனில் 9.19. ஜூலையில் 31.24. ஆகஸ்டில் 45.95. செப்டம்பரில் 36.76. அக்டோபரில் 20.22. நவம்பரில் 13.78. டிசம்பரில் 7.35. ஜனவரியில் 2.76. பிப்ரவரியில் இருந்து மே வரை மாதம் 2.5. கூட்டிப் பாருங்கள், சரியாக 177.25 வரும். இதை மேற்பார்க்க 2018 ஜூனில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அமைத்தார்கள். கீழே ஓர் ஒழுங்காற்றுக் குழு. நான்கு மாநில அதிகாரிகளும் மத்திய அரசு அதிகாரிகளும் அதில் உட்காருகிறார்கள்.

ஏன் மாதாமாதம் பிரித்தார்கள்? வருஷத்துக்கு இவ்வளவு என்று சொன்னால் போதாதா? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்தது ஒரு மதகுப் பலகையில்தான். அதைச் சொல்கிறேன்.

2023 ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்களுக்குத் தண்ணி எட்டவே ஜூலை ஆகிவிட்டது. நேரடி விதைப்பாக விதைத்தோம். அந்த வருஷம் தென்மேற்குப் பருவமழை கை கொடுக்கவில்லை. ஆகஸ்டில் பிலிகுண்டுலுவுக்கு வர வேண்டிய தண்ணி வரவில்லை. மாசக் கடைசியில் ஒழுங்காற்றுக் குழு கூடி, நொடிக்கு 5,000 கன அடி வீதம் பதினைந்து நாளைக்குத் தரச் சொன்னது. செப்டம்பரில் இன்னொரு பதினைந்து நாள் அதே அளவு. அப்புறம் அது 3,000 ஆனது. நான் சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். செப்டம்பருக்கு மட்டும் 36.76 வர வேண்டிய இடத்தில் எவ்வளவு வந்திருக்கும்?

ஆற்றில் முறை வைத்து விட்டார்கள். எங்கள் வாய்க்காலில் மூன்று ஊர். மேல் ஊர், எங்கள் ஊர், கீழ் ஊர். மேல் ஊரில் நிலப்பரப்பு அதிகம். ஆகஸ்ட் கடைசி வாரம், எங்களுக்குத் தண்ணி வர வேண்டிய ராத்திரி, வாய்க்காலில் கெண்டைக்கால் அளவு கூட இல்லை. நானும் இன்னும் மூன்று பேரும் டார்ச் லைட் எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேலே நடந்தோம். மேல் ஊர் மதகில் பலகை இறக்கி, மண் மூட்டை போட்டு அடைத்திருந்தார்கள். பக்கத்திலேயே ஆயில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஜின் பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று டார்ச் அடித்தால், நம் கூட்டமைப்பு உறுப்பினர். மாதாமாதம் கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிற அக்கா. என் பொண்ணு காதுகுத்துக்கு வந்து மொய் வைத்த அக்கா.

கேட்கக் கூடாத வார்த்தை எல்லாம் கேட்டேன். அவரும் சும்மா இருக்கவில்லை. கடைசியில் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் வயலில் நிறுத்தினார். "பாருடி. நல்லா அடிச்சுப் பாரு டார்ச்ச." வயல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. காலை வைத்தால் வெடிப்பில் பாதம் போகும். பயிர் நுனி கருகி நின்றது. எனக்கு முன்னால் தண்ணி எடுத்தவர் வயலும் என் வயல் மாதிரியேதான் இருந்தது.

அதே நாட்களில் டி.வி.யில் மண்டியா விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கர்நாடகத்திலும் அந்த வருஷம் பல தாலுகாக்களை வறட்சி என்று அறிவித்தார்கள். அதுவரை அதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும். அந்த ராத்திரிக்குப் பிறகு அந்த அக்கா வயல்தான் கண்ணுக்கு வந்தது. நம் பங்கை நாம் கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தீர்ப்பில் இருக்கிற தண்ணி நம் உரிமை, கேட்டே ஆக வேண்டும். ஆனால் தண்ணி தராதவன் எல்லாம் கெட்டவன் என்று நினைத்துக்கொண்டு கேட்டால் சண்டைதான் மிஞ்சும், தண்ணி வராது.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் இரண்டு பேருமே இதைக் கிளப்பினோம். "இது நம்ம வேலை இல்ல, கடன் விஷயத்தைப் பேசுங்க" என்று சிலர் சொன்னார்கள். அப்போது பொருளாளர்தான் எழுந்து, "தண்ணி வரலன்னா கடன் எங்கேருந்து வசூலாகும்? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டார். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அன்றைக்குத் தீர்மானப் புத்தகத்தில் முதல் தடவையாகத் தண்ணீர் என்ற வார்த்தை ஏறியது.

நாங்கள் செய்தது பெரிய காரியம் இல்லை. குழுவில் செய்வதையே வாய்க்காலில் செய்தோம். பாசனப் பிரிவு அலுவலரையும் லஸ்கரையும் பார்த்துப் பேசிச் சம்மதம் வாங்கினோம். மூன்று ஊர்ப் பெரியவர்களையும் உட்கார வைத்தோம். பத்து நாள் சுற்றில் மேல் ஊருக்கு நான்கு நாள், எங்களுக்கு மூன்று நாள், கீழ் ஊருக்கு மூன்று நாள் என்று எழுதினோம். பத்து நாளில் ஐந்து நாள்தான் ஆற்றில் தண்ணி வந்தால்? மேல் ஊருக்கு இரண்டு நாள், மற்ற இரண்டு ஊருக்கும் ஒன்றரை ஒன்றரை நாள். குறைந்தால் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறையட்டும். மதகுக் கட்டையில் பெயிண்டால் அளவுக் கோடு போட்டோம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். தேதி, நேரம், தண்ணி உயரம், யார் முறை, இரண்டு கையெழுத்து. கையெழுத்து இரண்டும் வேறு வேறு ஊர்ப் பெண்ணாக இருக்க வேண்டும். காலை ஆறு மணி, சாயங்காலம் ஆறு மணி.

இப்போது நான் சொல்லப் போவது எனக்கு வெட்கமான விஷயம். ஆனாலும் இந்த மேடையில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

அக்டோபர் முதல் வாரம். எங்கள் ஒன்றரை நாள் முறை ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு முடிய வேண்டும். பலகையைத் தூக்கிக் கீழ் ஊருக்குத் தண்ணி விட வேண்டிய பொறுப்பு அன்றைக்கு எனக்கு. பயிர் தொண்டைக் கதிர். அந்த நேரத்தில் ஒரு நனைப்புத் தண்ணி கிடைத்தால் கதிர் வெளியே வந்துவிடும் என்று விவசாயம் பார்க்கிற உங்களுக்குத் தெரியும். மதகு வரைக்கும் போனேன். பலகையில் கை வைத்தேன். "ஒரு ராத்திரிதானே, காலையில தூக்கிக்கலாம்" என்று திரும்பி வந்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

காலை ஆறு மணிக்குக் கீழ் ஊரில் இருந்து கையெழுத்துப் போட வந்த பெண், பலகை இறங்கி இருப்பதைப் பார்த்தாள். சண்டை போடவில்லை. நோட்டில் "பலகை தூக்கவில்லை, 12 மணி நேரம்" என்று எழுதிவிட்டு, அவளே பலகையைத் தூக்கிவிட்டுப் போனாள். அவர்களுக்குக் கிடைக்க வேண்டியது மொத்தம் 36 மணி நேரம். அதில் மூன்றில் ஒரு பங்கை நான் எடுத்துக்கொண்டேன்.

மதகில் அந்த அக்காவை எப்படிப் பேசினேன் என்று சொன்னேனே, அந்த வார்த்தை எல்லாம் எனக்கே திரும்ப வந்தது. கூட்டத்தில் எழுந்து நின்றேன். ஐந்நூறு ரூபாய் அபராதம் போடலாம் என்றார்கள். கீழ் ஊர்க்காரர்கள், "ரூபா வேணாம், அந்தப் பன்னெண்டு மணி நேரத்தை அடுத்த முறையில திருப்பிக் குடுக்கட்டும்" என்றார்கள். சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த முறை வரவே இல்லை. அக்டோபர் 10-ஆம் தேதி மேட்டூர் அணையை மூடிவிட்டார்கள். அணையில் சுமார் 30 அடிதான் இருந்தது, குடிதண்ணிக்கு வைக்க வேண்டும். வாய்க்கால் வறண்டது. எனக்கு ஏக்கருக்கு பதினான்கு மூட்டை கிடைத்தது. கீழ் ஊரில் முக்கால் ஏக்கர் வைத்திருந்த ஒரு பாட்டிக்குக் கதிர் வந்தது, பால் பிடிக்கவில்லை. பெரும்பாலும் பதர். என் பன்னிரண்டு மணி நேரத்தால்தான் அப்படி ஆனது என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

மறு வருஷம், 2024-ல், மேட்டூர் திறந்ததே ஜூலை 28. குறுவை போகவில்லை, சம்பாதான். முதல் முறையிலேயே பாக்கி இருந்த பன்னிரண்டு மணி நேரத்தைக் கீழ் ஊருக்குக் கொடுத்தோம். நோட்டில் எழுதினோம். அந்தப் பாட்டி கைநாட்டு வைத்தார். கணக்கு நேராகிவிட்டது. ஆனால் பாட்டியின் குறுவை திரும்பி வரவில்லை.

அப்போதுதான் மாதாமாதம் ஏன் பிரித்தார்கள் என்று எனக்குப் புரிந்தது. ஆகஸ்ட் தண்ணியை ஆகஸ்டில் கொடுத்தால்தான் அது தண்ணி. டிசம்பரில் கொடுத்தால் கணக்கு சரியாகும், பயிர் சரியாகாது. நம் குழுவிலும் அப்படித்தானே? பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கும்போது கிடைக்கிற ஐயாயிரமும், பொங்கலுக்குக் கிடைக்கிற ஐயாயிரமும் ஒன்றா? 2018-லும் 2022-லும் பெருமழை பெய்து, தீர்ப்பில் சொன்ன அளவைத் தாண்டித் தண்ணி வந்தது. வெள்ளமாக வந்தது. பிடித்து வைக்க முடியாமல் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனது. வருஷக் கணக்கில் பார்த்தால் பாக்கி இல்லை. அதனால் அரசாங்கம் "இந்த வருஷம் இத்தனை டி.எம்.சி. வந்தது" என்று சொல்லும்போது, "எந்த மாசத்தில் வந்தது?" என்று நாம் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் புரிந்தது. தீர்ப்பில், மழை குறைந்த வருஷத்தில் விகிதப்படி குறைத்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் அந்தக் குறைவை எப்படிக் கணக்கிடுவது என்பதில்தான் ஒவ்வொரு வறட்சியிலும் தகராறு. எங்கள் அணையில் இவ்வளவுதான் இருக்கிறது என்று ஒரு பக்கம், எங்கள் பயிர் காய்கிறது என்று இன்னொரு பக்கம். பயிர் காய்ந்துகொண்டிருக்கும்போது உட்கார்ந்து விதி எழுத முடியாது. நாங்களும் அப்படித்தான், ஆகஸ்ட் கடைசியில் சண்டை வந்த பிறகுதான் நோட்டு போட்டோம். மே மாசத்திலேயே போட்டிருக்க வேண்டும். மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் சண்டை நின்றுவிடுகிறது, கூடவே பேச்சும் நின்றுவிடுகிறது. உட்கார்ந்து பேச வேண்டியது அந்த நல்ல வருஷத்தில்தான். நம் குழுவில் கடன் விதிகளை யாருக்கும் கடன் தேவைப்படாத முதல் ஆறு மாசத்தில்தானே எழுதினோம்?

மாநிலம் விட்டு மாநிலம் பேச முடியுமா என்று கேட்பீர்கள். பேசியிருக்கிறார்கள். 2003-ல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில் இரண்டு மாநில விவசாயிகளும் சென்னையில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். காவிரிக் குடும்பம் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் இங்கே வந்து வயலைப் பார்த்தார்கள், நம்மவர்கள் அங்கே போய்ப் பார்த்தார்கள். முடிவான பங்கீட்டை அவர்களால் எட்ட முடியவில்லை. ஆனால் ஒருத்தர் வயலில் இன்னொருத்தர் கால் வைத்துப் பார்த்தார்கள். என்னை அந்த அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாரே, அதே வேலைதான். அதற்குப் பிறகும் ஒரு கணக்கு நோட்டு வேண்டும் என்பது உண்மை. மனசு மாறினால் மட்டும் போதாது. எனக்கு மனசு மாறித்தான் இருந்தது, ஆனாலும் பலகையைத் தூக்காமல் வந்தேன். என்னைப் பிடித்தது நோட்டுதான்.

இன்னொரு விஷயம். டெல்லியும் பெங்களூரும் சென்னையும் ஒத்துப்போனால் மட்டும் நம் வயலுக்குத் தண்ணி வந்துவிடாது. 2018 ஜூலை 2-ல் ஆணையத்தின் முதல் கூட்டம் நடந்தது. அதே மாசம் மேட்டூர் 120 அடி நிரம்பியது. ஆற்றில் கரை புரண்டு ஓடியது. ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்து மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. அவ்வளவு தண்ணி ஓடிய வருஷத்திலும் கடைமடையில் நாற்றுக்குத் தண்ணி இல்லை என்று மறியல் நடந்தது. வாய்க்காலில் வெங்காயத்தாமரையும் காட்டாமணக்கும் அடைத்துக் கிடந்தால் தண்ணி எப்படி வரும்? கடைசி ரெண்டு மைல் நம்முடையது.

அதனால் இந்த விழாவில் நான்கு விஷயம் கேட்கிறேன்.

ஒன்று. ஜூனில் இருந்து ஜனவரி வரைக்கும் ஒவ்வொரு ஊராட்சிக் கூட்டமைப்புக் கூட்டத்திலும் தண்ணீரை ஒரு பொருளாக வைப்போம். மேட்டூரில் எத்தனை அடி, பிலிகுண்டுலுவுக்கு இந்த மாசம் வர வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு, நம் வாய்க்காலுக்கு எந்தத் தேதியில் வந்தது. நான்கு வரி போதும். பேப்பரில் தினமும் வருகிறது, நம் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லி எழுதலாம்.

இரண்டு. தூர் வாருவது கோடையில் நடக்கும். மார்ச் 22, உலக தண்ணீர் தினத்தன்று கிராம சபை இருக்கிறது. தூர் வாரும் வேலைக்கு முன்னால் வருகிற கிராம சபை அது. எந்த வாய்க்கால், எத்தனை தூரம், எவ்வளவு ஆழம் என்று அன்றைக்கே கேட்டுத் தீர்மானத்தில் ஏற்றுவோம். வேலை நடக்கும்போது இரண்டு பேர் போய்ப் பார்ப்போம். கரையில் அள்ளிப் போட்ட மண் முதல் மழையில் வாய்க்காலுக்கே திரும்புகிறதா என்று பார்ப்பது நமக்குத் தெரியாத வேலை இல்லை.

மூன்று. பாசன சங்கத்தில் பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் உறுப்பினர். நடவு நடுவது நாம், களை எடுப்பது நாம், கடன் வாங்குவது நாம், கட்டுவதும் நாம். பட்டாவில் பேர் மட்டும் அவர்கள். நிலம் உள்ள வீடுகளில் கூட்டுப் பட்டாவுக்கு மனு கொடுப்போம். என்னைப் போலக் குத்தகை செய்கிறவர்கள் வாக்கு இல்லாவிட்டாலும், நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குப் போய் உட்காருவோம். நோட்டு வைத்திருக்கிறவளை எழுந்து போ என்று சொல்வது கஷ்டம்.

நான்கு. மாதாமாதம் கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டம் நடக்கிறது. ஹாலில் பெண்களை விரல் விட்டு எண்ணலாம். ஒவ்வொரு மாசமும் நம் கூட்டமைப்பில் இருந்து இரண்டு பேர் போவோம். ஒருவர் தலைமடை, ஒருவர் கடைமடை. ஒரே பஸ்ஸில் போய், ஒரே மனுவைக் கொடுத்துவிட்டு வருவோம். மதகில் என்னோடு சண்டை போட்ட அந்த அக்காவும் நானும் போன மாசம் அப்படித்தான் போய் வந்தோம். போகும்போது டிக்கெட் அவர் எடுத்தார், வரும்போது நான் எடுத்தேன்.

2025-ல் மறுபடி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்கள். நாங்கள் மே மாசக் கடைசியிலேயே உட்கார்ந்து முறையை எழுதிவிட்டோம். பழைய நோட்டு முடிந்துவிட்டது. புதுசாக நூறு பக்க நோட்டு வாங்கியிருக்கிறோம். முதல் பக்கத்தில் பழைய நோட்டில் இருந்த அந்த வரியை நானே எழுதி வைத்தேன். தேதி, என் பேர், 12 மணி நேரம். யாரும் எழுதச் சொல்லவில்லை. அடுத்து பலகைப் பொறுப்பு யாருக்கு வந்தாலும் ஒரு தடவை படித்துவிட்டுப் போகட்டும் என்றுதான்.